நெகிழிப் பையிலிருந்து கைப்பை: பொருளும் தொழிலும் சொல்லும்

நம் வீட்டுச் சமையலறைகளில் பெரும்பாலும் ஒரு பை நிறையப் பைகள் இருக்கும். கடைக்குச் சென்று வரும்போதெல்லாம் அது பருத்துக்கொண்டே போகும். குப்பை கட்டுவதற்குச் சில பைகள் பயன்படும். எஞ்சியவை இழுப்பறைக்குள் கசங்கிக் கிடக்கும். அவற்றைக் கொண்டு கைப்பை, எழுதுகோல் உறை, மூக்குக்கண்ணாடிக் கூடு முதலியவற்றைச் செய்யும் கைவினையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். செய்முறையோடு, அத்தொழிலைச் சொல்லத் தமிழில் அமைந்துள்ள வினைச்சொற்களையும், இக்கைவினையால் விளையும் நன்மையையும், அந்நன்மைக்குள்ள எல்லையையும் உடன் காண்போம்.

பொருளின் வரலாறு

நெகிழிப் பையின் மூலப்பொருள் பாலிஎத்திலீன் ஆகும். 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நார்த்விச் நகரில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் ஆகிய இருவரும் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தி ஆராய்ந்தபோது, மெழுகு போன்ற வெண்ணிறப் பொருளொன்று எதிர்பாராமல் கிடைத்தது. 1953ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் சீக்லர், குறைந்த அழுத்தத்திலேயே அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீனை உருவாக்கும் வழியைக் கண்டார். இவ்விரு வகைகளும் இன்றளவும் நம் கைகளில் புழங்குகின்றன. கசக்கினால் சலசலவென்று ஒலிக்கும் மெல்லிய கடைப்பை அடர்த்தி மிகுந்தது; அதன்மேல் முக்கோணக் குறிக்குள் 2 என்னும் எண் இருக்கும். இழுத்தால் நீளும் மென்மையான பை அடர்த்தி குறைந்தது. அதன் எண் 4.

இன்று நாம் காணும் கைப்பிடியுள்ள ஒரே துண்டுப் பையை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாவ் துலின். 1965ஆம் ஆண்டில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே தம் தந்தையார் இதனை உருவாக்கினார் என்றும், ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருப்பார் என்றும் அவருடைய மகன் பின்னாளில் கூறியுள்ளார். பலமுறை பயன்படுத்துவதற்கென்று பிறந்த பொருள், ஒருமுறைப் பொருளாக மாறியது நம் பழக்கத்தினால்தான். ஆகவே, அதனை மீண்டும் நெடுநாள் பொருளாக்கும் கைவினை, வடிவமைத்தவரின் கருத்துக்கு மாறானது அன்று.

நெய்தலா, பின்னுதலா, முடைதலா?

தமிழில் இழைகளையும் பட்டைகளையும் இணைக்கும் தொழில்களுக்குத் தனித்தனி வினைச்சொற்கள் உண்டு. தறியில் நூலைப் பாவாகவும் ஊடாகவும் இணைப்பது நெய்தல். இழையை வளைத்தும் கோத்தும் கண்ணி கண்ணியாக இணைப்பது பின்னுதல். ஓலை, கோரை, பிரம்பு போன்ற பட்டையான பொருள்களைக் கையால் மேலும் கீழுமாகச் செலுத்திப் பாயாகவும் பெட்டியாகவும் ஆக்குவது முடைதல். இழைகளை முறுக்கிக் கயிறாக்குவது திரித்தல். துணியையோ தோலையோ ஊசிநூலால் இணைப்பது தைத்தல்.

நெகிழிப் பை இவற்றுள் எந்த வினைக்கு இடங்கொடுக்கும் என்பது, அதனை நாம் எவ்வடிவில் மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. நூலாக்கினால் பின்னலாம், பட்டையாக்கினால் முடையலாம், தகடாக்கினால் தைக்கலாம். இம்மூன்று வழிகளே இக்கைவினையின் மூன்று முறைகளாகும்.

எம்முறைக்கும் முதற்பணி ஒன்றே. பைகளைச் சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வகை பிரித்துக்கொள்ள வேண்டும். மக்கும் பை அல்லது சிதையும் பை என்று அச்சிடப்பட்டவற்றை ஒதுக்கிவிடுதல் நன்று. அவற்றுள் சிலவற்றில் வெயிலும் காற்றும் பட்டால் சிதைவதற்கென்றே உலோக உப்புகள் கலக்கப்பட்டிருக்கும். அத்தகைய பையால் செய்த கைப்பை, சில காலத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

முதல் முறை: நூலாக்கிப் பின்னுதல்

பையின் பக்க மடிப்புகள் உள்ளே இருக்குமாறு அதனைத் தட்டையாக விரித்து, கைப்பிடிகளையும் அடித்தையலையும் வெட்டி நீக்க வேண்டும். எஞ்சுவது இருபுறமும் திறந்த ஒரு குழாய். அதனைக் குறுக்காக 2 முதல் 3 செ.மீ. அகலத்தில் வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். ஒரு வளையத்தை மற்றொன்றின் வழியே செலுத்தித் தன்னுள்ளேயே இழுத்தால் முடிச்சு விழும். இவ்வாறு தொடுத்துக்கொண்டே போனால் நீண்ட நூல் உருவாகும். முடிச்சை மெதுவாக இறுக்க வேண்டும்; வெடுக்கென்று இழுத்தால் வளையம் அறுந்துபோகும்.

மாணவர்க்கு இங்கே ஒரு கணக்கும் உண்டு. விரித்த பையின் அகலம் 30 செ.மீ., வெட்டிய குழாயின் உயரம் 35 செ.மீ. எனக் கொள்வோம். 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டினால் 14 வளையங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் சுற்றளவு 60 செ.மீ. வளையம் இரட்டை இழையாக நீள்வதால் ஒன்றுக்கு 30 செ.மீ. கிடைக்கும், ஆக 420 செ.மீ. அதில் முடிச்சுகளுக்குச் சிறிது கழியும். அதே குழாயைச் சுருள்வட்டமாக, அறுபடாமல் வெட்டினால், ஏறத்தாழ 840 செ.மீ. நீளமுள்ள ஒற்றை இழை முடிச்சின்றிக் கிடைக்கும். இரட்டை இழை வலிமையானது. ஒற்றை இழை மென்மையானது. செய்யப்போகும் பொருளைக் கருதித் தேர்ந்துகொள்ளலாம்.

இந்நூலைக் கொக்கி ஊசியால் பின்ன வேண்டும். கம்பளி நூலுக்குரிய மெல்லிய ஊசி இதற்குப் பொருந்தாது, 6 மி.மீ. அல்லது அதனினும் பருத்த ஊசியே வேண்டும். முதலில் அடிப்பகுதியை நீள்வட்டமாகப் பின்னி, பின்னர்க் கண்ணிகளைக் கூட்டாமல் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுசென்றால் பையின் சுவர் எழும். நெகிழி நூல் கையில் ஒட்டி இழுபடும் இயல்புடையது. ஆதலின் கண்ணிகளைத் தளர்வாக விடுவதே முறை.

இரண்டாம் முறை: பட்டையாக்கி முடைதல்

பையை நீளவாக்கில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று நான்காக மடித்தால் உறுதியான பட்டை கிடைக்கும். பட்டைகளை ஒருபுறம் வரிசையாகப் பரப்பி, குறுக்கே மற்றொரு வரிசையை ஒன்று விட்டு ஒன்றாகச் செலுத்துவதே முடைதலின் அடிப்படை. பனையோலைக் கொட்டான் முடைந்தவர்க்கும், மலாய்க் கிராமங்களில் மெங்குவாங் தாழையோலையால் பாய் முடைபவர்க்கும் இது தெரிந்த செயலே. சரவாக் மாநிலத்தின் பெனான் பெண்கள், பிரம்பில் பழகிய தம் பாரம்பரிய வடிவங்களை இன்று நெகிழிப் பட்டைகளிலும் முடைந்து, கூடைகளாக விற்பனை செய்கின்றனர். நம் தாய்மார்கள் பின்னிய வயர்க்கூடையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. பொருள் மாறினாலும் கைப்பழக்கம் மாறவில்லை.

உடனடிக் காப்பித் தூள் பொட்டலங்களையும் இம்முறைக்குக் கொள்ளலாம். நெகிழியும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட உறைகளைப் பிரித்தெடுப்பது கடினம்; ஆகவே அவை மறுசுழற்சிக்கு எளிதில் உதவுவதில்லை. அவற்றைச் சிறு பட்டைகளாக மடித்து, ஒன்றன் வாயில் மற்றொன்றைச் செருகி நீண்ட தொடராக்கி, அத்தொடர்களை அடுக்கித் தைத்தால் எழுதுகோல் உறையோ சில்லறைப் பையோ உருவாகும்.

மூன்றாம் முறை: தகடாக்கித் தைத்தல்

ஆறு முதல் எட்டு அடுக்குப் பைகளைச் சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் அடுமனைத் தாள் இட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று இணைந்து துணி போன்ற தகடாகும். அடர்த்தி குறைந்த வகை ஏறத்தாழ 110 பாகை செல்சியசிலும், அடர்த்தி மிகுந்தது ஏறத்தாழ 130 பாகையிலும் உருகும். ஆகவே இரண்டையும் கலவாமல் ஒரே வகையையே அடுக்க வேண்டும். எழுத்து அச்சிட்ட பக்கம் உள்ளே இருத்தல் நன்று. வெளியே இருந்தால் மை உருகித் தாளில் ஒட்டும். பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தகடு சுருங்கித் துளை விழும்.

இம்முறையில் எச்சரிக்கை இன்றியமையாதது. சன்னல்களைத் திறந்து வைத்து, பெரியவர் மேற்பார்வையில் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். புகை எழுந்தால் சூடு மிகுந்துவிட்டது என்பது பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும். பி.வி.சி. என்னும் வகை நெகிழியை ஒருபோதும் சூடாக்கலாகாது. அதிலிருந்து நச்சு வாயு வெளிப்படும். எவ்வகை என்று அறிய இயலாத பையைத் தேய்க்காமல் விடுவதே அறிவுடைமை.

தகட்டைத் தைக்கும்போது நெருக்கமான தையல் கூடாது. ஊசித்துளைகள் அருகருகே விழுந்தால் அஞ்சல்தலைத் தாள்போல அவ்வழியே கிழிந்துவிடும். குண்டூசிகளுக்கு மாறாகக் கவ்விகளைப் பயன்படுத்துவதற்கும் இதுவே காரணம்.

என்ஜாவ் கிராமத்துப் பெண்கள்

இக்கைவினை பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து ஓர் ஊரின் வாழ்வைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் என்ஜாவ் என்னும் சிற்றூர் உள்ளது. குப்பை அள்ளும் ஏற்பாடு இல்லாத அவ்வூரில், எறியப்பட்ட பைகள் வீடுகளின் பின்புறத்தில் குவிந்தன. மழைநீர் அவற்றில் தேங்கிக் கொசு பெருகியது. ஆடுகள் அவற்றைத் தின்று, வயிற்றில் அடைத்துக்கொண்டு மடிந்தன. அங்கே ஆட்டை இழப்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பையே இழப்பதாகும்.

அவ்வூரில் பிறந்த இசாட்டு சீசே என்பவர், 1997ஆம் ஆண்டில் வேறு சில பெண்களோடு சேர்ந்து பைகளைப் பொறுக்கி, கழுவி, நூலாக்கி, சில்லறைப் பைகளாகப் பின்னத் தொடங்கினார். குப்பையைத் தொடுகிறார்கள் என்று பிறர் எள்ளி நகையாடினர். ஆயினும் பின்னிய பைகள் விலைபோயின. பெண்கள் கையில் சொந்த வருவாய் சேர்ந்தது. மேலும் பலர் அத்தொழிலைக் கற்றனர். இந்த வரலாற்றை மிராண்டா பால் என்னும் எழுத்தாளர் 2015ஆம் ஆண்டில் சிறுவர் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் காம்பிய அரசு நெகிழிப் பைகளுக்குத் தடை விதித்தது.

நன்மையின் எல்லை

இக்கைவினையால் குப்பை தீர்ந்துவிடும் என்று மாணவர்க்குக் கற்பித்தல் சரியாகாது. ஒரு கைப்பை பின்னப் பல மணி நேரம் செல்கிறது. அந்நேரத்திற்குள் நகரத்தின் கடைகளில் கைமாறும் பைகளை எண்ணிப் பார்த்தால், பின்னல் ஊசி அவற்றை எட்டிப் பிடிக்காது என்பது விளங்கும். மேலும், கைப்பையும் நெகிழியே. வெயிலில் நெடுநாள் கிடந்தால் அதுவும் நொறுங்கும்.

எனவேதான் அரசுகள் பையின் வரவையே குறைக்க முற்பட்டன. பினாங்கு மாநிலம் 2009ஆம் ஆண்டிலேயே நெகிழிப் பையில்லா நாளை அறிமுகப்படுத்தியது. சிலாங்கூர் மாநிலம் 2017 முதல் பைக்கு 20 காசு வசூலிக்கச் செய்தது. சிங்கப்பூரில் 2023 சூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு பெறுகின்றன. அங்கே எரிக்கப்படும் குப்பையின் சாம்பல், 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் நிரப்புநிலத்தைச் சென்றடைகிறது. அது 2035 அளவில் நிறைந்துவிடும் என்பது அரசின் கணிப்பு.

நெகிழிப் பையை விட்டுத் துணிப்பையை வாங்குவதும் தானாகவே நன்மையாகிவிடாது. 2011ஆம் ஆண்டில் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படுத்திய மெல்லிய நெகிழிப் பைக்கு அது ஈடாகும். பள்ளி விழாக்களில் வழங்கப்படும் துணிப்பைகளுள் எத்தனை அவ்வளவு முறை தோளில் ஏறியிருக்கும் என்பதை நாமே கேட்டுக்கொள்ளலாம். பை எதனால் ஆனது என்னும் கேள்வியோடு, அது எத்தனை முறை பயன்படுகிறது என்னும் கேள்வியும் சேர வேண்டும்.

கைவினையின் பயன் இங்குதான் தெளிவாகிறது. 14 வளையங்களை வெட்டி, ஒவ்வொன்றாகக் கோத்து, மணிக்கணக்கில் பின்னியவர் அப்பொருளை எளிதில் எறியமாட்டார். ஒரு பையில் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்பதை அவர் விரல்கள் அறிந்திருக்கும். அடுத்த முறை கடையில் பை நீட்டப்படும்போது, அது வேண்டுமா என்று அவர் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பார்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இதனை ஒரு பாடத்தோடு நிறுத்தாமல் பல பாடங்களை இணைக்கும் செயற்பாடாகக் கொள்ளலாம். வளையக் கணக்கு கணிதத்திற்கும், உருகுநிலை அறிவியலுக்கும், என்ஜாவ் வரலாறு நன்னெறிக் கல்விக்கும் பொருந்தும். மொழிப்பாடத்தில், மாணவர்கள் தாம் செய்த முறையைப் படிப்படியாக எழுதட்டும். அப்போது நெய்தலுக்கும் முடைதலுக்கும், பைக்கும் உறைக்கும், மடிப்புக்கும் சுருக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே உணர்வர். கையால் செய்து பார்த்த வினையின் பெயர் மறப்பதில்லை. தொடக்க நிலை மாணவர்க்கு முடைதலும், உயர்நிலை மாணவர்க்குப் பின்னுதலும் ஏற்றவை. சூடு தேவைப்படும் மூன்றாம் முறையை ஆசிரியரே செய்து காட்டலாம்.

இத்தொழிலுக்குரிய மூலப்பொருள் நாம் விரும்பாமல் நம் வீட்டில் சேர்ந்த ஒன்று. ஆகவே இதன் வெற்றியை, எத்தனை கைப்பைகள் செய்தோம் என்று எண்ணுவதைவிட, இழுப்பறையில் கசங்கிக் கிடக்கும் பைகள் எவ்வளவு குறைந்தன என்று எண்ணுவதே பொருந்தும். ஒருநாள் பின்னுவதற்குப் பை கிடைக்காமல் போனால், அன்று இக்கைவினை தன் கடமையை முடித்துவிட்டது எனக் கொள்ளலாம். அந்நாள் வரும்வரை, இருக்கும் பைகளை எறியாமல் கையில் எடுப்போம்.