பத்திரம் இல்லாத வீட்டிலிருந்து மருத்துவமனைப் பணிக்கு

கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில், காற்று பலமாக வீசும் நாள்களில் சயனைடு மேட்டுத் தூசு வாசல்வரை வந்து படியும். தூசு இவ்வூருக்குப் புதியதன்று. சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1934இல், இச்சுரங்கத் தொழிலாளரிடத்தில்தான். வட ஆர்க்காட்டிலிருந்து வந்து பாறை குடைந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று நோயாளியைப் பேணும் பணிகளை நாடுவது மிகவும் பொருத்தமே.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் ஊரின் உழைப்பு விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகிறது. இக்குடும்பங்களில் மருத்துவத் துறை என்றதும் டாக்டர் பட்டமும் நீட் தேர்வுமே நினைவுக்கு வருகின்றன. அது எட்டாதெனில் பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது.

வேறு வழிகள் உண்டு. பி.யூ.சி.யில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றோர் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் சேரலாம். மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்பில் பிற பாடப்பிரிவினருக்கும் இடமுண்டு. ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் போன்ற பணிகளுக்கென 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தேசிய ஆணையம் ஏற்பட்டுள்ளது. இவற்றில் பலவற்றுக்கு உயிரியல் வேண்டும். ஆகவே முடிவெடுக்க வேண்டிய காலம் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையே, பி.யூ.சி. முடிந்தபின் வருந்திப் பயனில்லை.

அடுத்தது பணம். சுரங்க நிறுவனம் கட்டிய வீடுகளில் வாழும் பலரிடம் வீட்டுப் பத்திரம் இல்லை. 'அடமானம் வைக்க ஒன்றுமில்லை, வங்கி எப்படித் தரும்?' என்று தயங்கி வாசலிலேயே திரும்பிவிடுவோர் உளர். வாசகர்கள் இதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம்: மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கப்படுவதில்லை. ரூ.4 லட்சம் வரை சொந்தப் பங்காகவும் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. பெற்றோர் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுவார். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தே தவணை தொடங்கும். ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அக்காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு; அது படிப்பையும் கல்வி நிறுவனத்தின் தரச்சான்றையும் பொறுத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இடைத்தரகர் சொல்லை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். நர்சிங் கல்லூரியாயின் இந்திய நர்சிங் கவுன்சில், மாநில நர்சிங் கவுன்சில் ஆகியவற்றின் அங்கீகாரம் அவ்வாண்டுக்கு உள்ளதா எனப் பார்த்த பின்னரே சேர வேண்டும். அங்கீகாரமற்ற இடத்தில் படித்தால் பணிப்பதிவு கிடைக்காது; கடன் மட்டும் நிற்கும்.

வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, ஆதார், பான் அட்டை ஆகியவற்றுடன் அருகிலுள்ள கிளைக்கு வரலாம். வீட்டுப் பத்திரம் அப்பட்டியலில் இல்லை.