பச்சைத் தேயிலையும் எச்.ஐ.வி. தீநுண்மியும்

பச்சைத் தேயிலை தனியொரு செடியன்று. கடைத்தெருவில் ஆற்றித் தரும் தேநீருக்கும் அதற்கும் தாய்ச்செடி ஒன்றே. கொழுந்தைக் கசக்கிப் புளிக்கவிட்டு உலர்த்தினால் கருந்தேயிலை. பறித்தவுடன் ஆவியில் வாட்டி, இலையின் நொதிகளை அடக்கிவிட்டால் பச்சைத் தேயிலை. புளிக்கும்போது உருமாறிவிடும் கேட்டிச்சின் என்னும் துவர்ப்புப் பொருள்கள் பச்சைத் தேயிலையில் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது எபிகாலோகேட்டிச்சின் காலேட், சுருக்கமாக ஈ.ஜி.சி.ஜி. எச்.ஐ.வி.யைப் பச்சைத் தேயிலை அடக்கும் என்னும் பேச்சு முழுவதும் இந்த ஒரு மூலக்கூற்றைப் பற்றியே எழுகிறது.

அப்பேச்சு வெறுங்கதையும் அன்று. தீநுண்மி தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியைக் கேட்டிச்சின்கள் முடக்குவதை 1989இலேயே நக்கானே, ஓனோ என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். 2003இல் வெளிவந்த மற்றொரு ஜப்பானிய ஆய்வு இன்னும் நுட்பமானது. எச்.ஐ.வி. வெள்ளணுவுக்குள் நுழைய, அவ்வணுவின் மேற்பரப்பிலுள்ள சி.டி.4 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். தீநுண்மியின் மேலுறையிலுள்ள ஜி.பி.120 என்னும் புரதம் அதற்கெனவே அமைந்தது. ஈ.ஜி.சி.ஜி. முந்திக்கொண்டு சி.டி.4இல் ஒட்டிவிடுவதால், பின்னால் வரும் தீநுண்மிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. 2009இல் ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரியில் கிறிஸ்டினா நான்ஸ் குழுவினர் தீநுண்மியின் பல உட்பிரிவுகளில் இதனைச் சோதித்தனர். இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் ‘சி’ உட்பிரிவும் அவற்றுள் ஒன்று. 6 மைக்ரோமோல் செறிவில் தீநுண்மியின் பெருக்கம் தெளிவாகக் குறைந்தது.

செய்தித்தாள்கள் இந்த இடத்தோடு நின்றுவிட்டன. அறிவியலுக்கோ இனிமேல்தான் வேலை. 6 மைக்ரோமோல் என்பது, ஒரு லிட்டர் குருதி நீர்மத்தில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. இருக்கவேண்டும் என்று பொருள்படும். ஒரு குவளைப் பச்சைத் தேநீரில் 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருப்பது உண்மையே. அதைக் கேட்டால் தேவைக்கு மேல் இருப்பதாகவே தோன்றும். ஆனால் குடிப்பதில் பெரும்பகுதி குடலைத் தாண்டுவதில்லை. தாண்டியதையும் கல்லீரல் விட்டுவைப்பதில்லை. வேறு மூலக்கூறுகளோடு பிணைத்து வெளியேற்றிவிடுகிறது. எஞ்சியதில் மிகுதியைக் குருதிப் புரதங்கள் பற்றிக்கொள்கின்றன. இரண்டு மூன்று குவளை குடித்தவரின் குருதியில் கிடைப்பது ஒரு மைக்ரோமோலுக்கும் கீழே. 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி.யை ஒரே வேளையில் விழுங்கியோருக்கே உச்ச அளவு ஒரு மைக்ரோமோலைத்தான் ஒட்டியிருந்தது. வெறும் வயிற்றில் விழுங்கினால் சில மடங்கு ஏறும். சில மணி நேரத்தில் இறங்கியும் விடும். அந்த 6 மைக்ரோமோலை உடலில் எட்டக்கூடிய அளவு என்றே நான்ஸ் குழுவினர் எழுதினர். எட்டுவது ஒன்று, இரவு பகலாக அங்கேயே நிற்பது வேறொன்று.

மாத்திரையாக்கி அளவைக் கூட்டிவிடலாமே என்றால், கல்லீரல் குறுக்கே நிற்கிறது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் துணையுணவாக உட்கொள்வோர்க்குக் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. குவளைத் தேநீருக்கு இவ்வச்சம் பெரும்பாலும் இல்லை. புட்டியில் அடைத்த சாற்றுக்கு உண்டு.

நோயைப் பாதியளவு அடக்கினாலும் நன்மைதானே என்று கேட்போர் உளர். மற்ற நோய்களில் அது பொருந்தலாம்; எச்.ஐ.வி.யிடம் அந்தக் கணக்கு செல்லாது. மருந்துண்ணாத ஒருவர் உடலில் நாள்தோறும் ஆயிரம் கோடி அளவில் புதிய தீநுண்மிகள் பிறக்கின்றன என்று 1996இல் பெரல்சனும் டேவிட் ஹோவும் கணித்தனர். தீநுண்மியின் மரபுச் செய்தி பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான எழுத்துகள் கொண்டது. அதைப் படியெடுக்கும் நொதியோ பிழைகள் மலிந்தது. செய்த பிழையைத் திருத்தும் வழக்கமும் அதற்கில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் எத்தனையோ புதுத் திரிபுகள் தோன்றுகின்றன. அரைகுறையாக அடக்கும் பொருள், தன்னை வெல்லும் திரிபைத் தானே பொறுக்கி வளர்க்கிறது. ஒரே மருந்து கொடுத்த காலத்தில் மருத்துவர்கள் கண்டதும் இதுவே. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறை வந்தபின்தான் சாவு குறைந்தது. அதுவும் நோயை வேரறுப்பதில்லை; உறங்கும் வெள்ளணுக்களில் ஒளிந்திருக்கும் தீநுண்மி, மருந்தை நிறுத்திய சில கிழமைகளில் தலைகாட்டிவிடும்.

கூட்டு மருந்து எட்டாத காலமும் நம்மூரில் இருந்தது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். அதன்பின் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள், ஏழை நோயாளிக்கு அரசின் கூட்டு மருந்து கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையில், மருத்துவர் தெய்வநாயகம் தலைமையில் சித்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. இரசகந்தி மெழுகு, அமுக்கராச் சூரணம், நெல்லிக்காய் இலேகியம் ஆகிய மூன்றும் சேர்ந்த மருத்துவம் அது. நோயாளிகள் எடை கூடினார்கள், பசி எடுத்தது என்ற பதிவுகள் வந்தன. காசநோய்க்கு மருந்தும் வேளைக்கு உணவும் பரிவான கவனிப்பும் சேர்ந்தாலும் எடை கூடும் என்பதால், எது எதன் பயன் என்று பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது கையிலிருந்ததைக் கொடுத்தவர்களை நான் குறைகூற மாட்டேன். 2004 ஏப்ரல் முதல் நாள் அரசின் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அன்றோடு அந்த நியாயம் முடிந்துவிட்டது. இன்று இரசகந்தி மெழுகைப் பார்ப்பவர், அதிலுள்ள இரசம் சிறுநீரகத்தைத் தாக்கவல்லது என்பதையும், நோயாளி அன்றாடம் உண்ணும் கூட்டு மருந்திலுள்ள டெனோஃபோவிரும் சிறுநீரகத்தில் கண்வைத்தே கொடுக்கப்படுவது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்ததற்கு இத்தகைய நியாயம் ஏதுமில்லை. அங்கே மருந்து இருந்தது, கொடுக்க மனமில்லை. நலவாழ்வு அமைச்சர் மாண்டோ ட்சபலாலா-மிசிமாங் பூண்டையும் எலுமிச்சையையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்தார். 2006இல் டொரண்டோவில் கூடிய உலக எய்ட்ஸ் மாநாட்டில் அந்நாட்டு அரங்கில் இவையே முன்னால் அடுக்கப்பட்டிருந்தன. 2000 முதல் 2005 வரை கூட்டு மருந்தைத் தாமதித்ததால் 3,30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பது ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட மதிப்பீடு.

பூண்டு வெறுமனே பயனற்றதாய் நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். பூண்டு மாத்திரையை மூன்று கிழமை உண்ட நலமான தன்னார்வலர்களின் குருதியில், சாக்வினாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் அளவு பாதியாகக் குறைந்ததை அமெரிக்காவில் பிசிடெல்லி குழுவினர் கண்டனர். குழம்பில் போடும் நான்கு பல் பூண்டைப் பற்றிய செய்தியன்று இது. செறிவூட்டிய மாத்திரையைப் பற்றியது. அதற்குமுன் 2000இல் அதே குழுவினர், மனச்சோர்வுக்கு மேலைநாட்டார் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மஞ்சட்பூ மூலிகையைச் சோதித்தனர். அது இன்டினாவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்தின் அளவை 57 விழுக்காடு குறைத்தது. கல்லீரல் நொதிகளை அம்மூலிகை முடுக்கிவிடுகிறது. அவை மருந்தை விரைந்து சிதைக்கின்றன. நோயாளி மாத்திரையைத் தவறாமல் விழுங்கியிருப்பார். ஆயினும் குருதியில் மருந்து போதாது. முன்னே சொன்ன அரைகுறை அடக்கம் இங்கே மறைமுகமாக வந்து சேர்கிறது.

இவ்வளவும் சொல்வதால் செடிகொடிகளில் மருந்தில்லை என்று ஆகிவிடாது. 1987இல் சரவாக் காட்டில் சேகரித்த ஒரு மரத்தின் பகுதிகளில், எச்.ஐ.வி.யைத் தடுக்கும் கலனோலைடு என்னும் பொருள் கிடைத்தது. மேலும் வேண்டித் திரும்பிச் சென்றபோது அம்மரம் வெட்டப்பட்டிருந்தது. பின்னர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் நின்ற மரங்களில் அப்பொருள் அகப்பட்டது. அது நம் நெய்தல் நிலப் புன்னையின் பேரினத்தைச் சேர்ந்த மரம்; புன்னையிலிருந்தும் அத்தகைய பொருள்களைப் பிரித்திருக்கிறார்கள். கலனோலைடு மனிதரிடத்தில் தொடக்கநிலைச் சோதனை வரை சென்றது. மருந்துக்கடை வரை வரவில்லை. மரத்திலிருந்து பிரித்தெடுத்து, அளந்து, குருதியில் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்து, மனிதரில் சோதித்து, தேறாவிட்டால் ஒதுக்கிவிடுவதே முறை. தேயிலை மூலக்கூறும் இவ்வழியேதான் வரவேண்டும்.

அதுவரை எச்.ஐ.வி. உள்ளவர் பச்சைத் தேநீரை ஒன்றிரண்டு குவளை விருப்பம்போல் குடிக்கலாம். மருந்தென்று எண்ணிக் குடிக்கவேண்டாம். கூட்டு மருந்து மையத்தில் இன்று பெரும்பாலோர்க்குத் தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய ஒற்றை மாத்திரை. இதில் டொலுடெக்ராவிர், தீநுண்மி நொதியின் உள்ளிருக்கும் மக்னீசியத்தைக் கவ்வியே அதனை முடக்குகிறது. அதே கவ்வும் இயல்பால் குடலில் இரும்பையோ சுண்ணாம்புச் சத்தையோ கண்டாலும் பற்றிக்கொண்டு, குருதியில் சேராமல் போய்விடும். ஆதலால் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான அமிலமுறி (ஆன்டாசிட்) மருந்து ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ டொலுடெக்ராவிரை உண்ணச் சொல்கிறார்கள். இரும்பையும் கால்சியத்தையும் மட்டும் உணவோடு சேர்த்து ஒரே வேளையில் கொள்ளவும் இடமுண்டு. சித்த மருந்துகளில் அயச்செந்தூரம் இரும்பு, சங்கு பற்பம் சுண்ணாம்பு. வேதியியல் நோக்கில் அந்த விதி இவற்றுக்கும் பொருந்தும். மையத்தில் மருத்துவர் வேறு மருந்து ஏதேனும் உண்கிறீர்களா என்று கேட்கும்போது, செந்தூரத்தையும் பற்பத்தையும் புட்டியில் வாங்கிய தேயிலைச் சாற்றையும் பெயர் சொல்லிக் கூறிவிடுதல் வேண்டும். நாட்டு மருந்துதானே, அதைப்போய் எதற்குச் சொல்வது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.