பூங்கா அடைத்திருந்தால் மலைக்குச் செல்வோம்

ஊரிலிருந்து உறவினர் வந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை. கட்டுச்சோறும் குடிநீரும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு பன்னேர்கட்டாவுக்குப் புறப்படுகிறோம். பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான், அன்று செவ்வாய்க்கிழமை என்பதும், உயிரியல் பூங்காவுக்கு அது வார விடுமுறை நாள் என்பதும் நினைவுக்கு வருகின்றன. புலியைப் பார்க்கலாம் என்று வந்த குழந்தையின் முகம் வாடிவிடுகிறது. பெங்களூரில் வாழும் தமிழன்பர்களில் பலருக்கு இந்த அனுபவம் ஒருமுறையாவது நேர்ந்திருக்கும். அத்தகைய நாளை வீணாக்காமல், ஒரே பகலில் நடந்து ஏறித் திரும்பத்தக்க மலைகள் இந்நகரைச் சுற்றி எவை எவை உள்ளன, அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில், வனங்களை ஏன் மூடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நலம். வார விடுமுறை ஒரு சிறு காரணமே. பிப்ரவரி முதல் மே வரை புல்லும் சருகும் காய்ந்து கிடப்பதால் காட்டுத்தீ அபாயம் மிகுதி. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீயில் சிக்கி, மலையேறச் சென்றிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிட முடியாது. சில சமயம் விலங்குகளால் தடை வரும். 2025 நவம்பரில் மைசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் மாண்டதையடுத்து, பந்திப்பூர், நாகரஹொளே வனங்களில் வாகன உலாவையும் மலைநடையையும் கர்நாடக அரசு நிறுத்தி, ஊழியர்களைப் புலி தேடும் பணிக்கு அனுப்பியது. வேறு சில சமயம் மனிதக் கூட்டமே காரணமாகிவிடும். 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் மக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டதைக் கண்டு, இணையப் பதிவு இல்லாத மலைப்பாதைகளை அரசு சிறிது காலம் மூடிவைத்தது.

ஆகவே, அடைத்த வாயில் நம்மைத் தண்டிப்பதற்காக அடைக்கப்பட்டதன்று. பக்கத்து வேலியின் இடைவெளியில் நுழைந்து செல்லலாம் என்று யாரேனும் வழிகாட்டினால் அதற்கு இணங்கலாகாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிப் புகுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அங்கே கால் இடறி விழுந்தால் நாம் இருக்கும் இடம் எவருக்கும் தெரியாது என்பதே பெரிய ஆபத்து.

அப்படியானால் எங்கே செல்வது? பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில், ஒரு மேட்டுநிலத்தின் மேல் அமைந்திருக்கிறது. அம்மேட்டுநிலத்தில் ஆங்காங்கே கருங்கல் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. தென்னாட்டில் கோட்டை கட்டியவர்கள் இவற்றை விட்டுவைக்கவில்லை. ஆதலால் பல குன்றுகளில் மதிலும் சுனையும் படிகளும் காணப்படுகின்றன. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மலை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. கோயில் மலையாயின் பெரும்பாலும் தடை இராது. வனத்துறையின் மலையாயின் முன்னனுமதி வேண்டும். வெயில் ஏறுமுன் உச்சியை அடைய முடியுமா என்பது இரண்டாவது. நம் கூட்டத்தில் மிகவும் தளர்ந்தவர் யார் என்பது மூன்றாவது. அவருடைய கால்களுக்கு ஏற்ற மலையே அன்றைக்கு நமக்கு ஏற்ற மலை.

முதியோரும் சிறு குழந்தைகளும் உடனிருந்தால் நகரை விட்டு வெளியே போகவே வேண்டியதில்லை. லால்பாக் தோட்டத்தினுள்ளே, கெம்பே கௌடர் கோபுரம் நிற்கும் பாறை மேட்டில் ஏறினாலே போதும். சாதாரணக் கல்லாகத் தோன்றும் அப்பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். உலகில் மனிதனோ விலங்கோ மரமோ தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தியது அது. தேசிய நிலவியல் சின்னமாகவும் அது அறிவிக்கப்பட்டிருக்கிறது. பாறைமேல் பேரனை உட்காரவைத்து இந்தச் செய்தியைத் தாத்தா சொல்வாரானால், புலியைப் பார்க்காத குறை பாதி தீர்ந்துவிடும்.

கால் வலுவுள்ளவர்கள் சிவகங்கைக்குச் செல்லலாம். நம் பாண்டிநாட்டுச் சிவகங்கையன்று. தும்கூர்ச் சாலையில் தாபஸ்பேட்டைக்கு அருகில், நகரிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலை இது. கங்காதரேசுவரர் கோயில் கொண்டிருப்பதால் தட்சிண காசி என்று வழங்கப்படுகிறது. ஒவ்வொரு திசையிலிருந்து நோக்கும்போதும் ஒவ்வொரு வடிவம் தோன்றும் என்பது மக்கள் வழக்கு. பாறையில் வெட்டிய படிகளும், செங்குத்தான இடங்களில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிகளும் உண்டு. போசள அரசி சாந்தலை தேவி 1131-ஆம் ஆண்டில் உயிர் நீத்தது இவ்விடத்தில்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. இங்கே குரங்குகள் அதிகம். தின்பண்டத்தைக் கையில் ஏந்திச் செல்லாமல் பையினுள் வைத்துக் கட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

கோலாரை ஒட்டியுள்ள அந்தரகங்கை மற்றோர் இடம். பெங்களூரிலிருந்து கோலார் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பஸ் வசதிக்குக் குறைவில்லை. படியேறினால் காசி விசுவேசுவரர் கோயில். அங்கே கல்லில் வடித்த நந்தியின் வாய் வழியாக நீரூற்று விழுகிறது. மேலே பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து குகைகளாகியிருக்கின்றன. குகைக்குள் நுழைவோர் அவ்விடத்தை அறிந்த வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்வது அறிவுடைமை. இறங்கி வந்ததும் ஊருக்குள் கோலாரம்மா கோயிலைப் பார்க்கத் தவறக்கூடாது. அங்கே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கோலார்த் தங்கவயலில் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்படும் வரை தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களை நாம் அறிவோம். அவர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் இந்த மண்ணுக்கு வந்திருக்கிறது என்பதை அக்கல்வெட்டுகள் சொல்லும்.

வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் நந்திமலை. உயரம் 4,851 அடி. அதாவது பெங்களூரை விட ஏறக்குறைய 1,800 அடி உயரம். கார்ப்பாதை உண்டெனினும், 2021 ஆகஸ்டில் மண் சரிந்து அப்பாதையே துண்டிக்கப்பட்டதுண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாகன நெரிசல் மிகுதியாதலால் வேலை நாளில் செல்வதே சௌகரியம். மலைமேல் ஏற இயலாதவர்கள் அடிவாரத்திலுள்ள போக நந்தீசுவரர் கோயிலில் தங்கியிருக்கலாம். அது ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிப் பின்வந்த அரசர் பலராலும் விரிவாக்கப்பட்ட அழகிய கற்றளி.

துணிவும் பழக்கமும் உடையவர்களுக்கு மாகடிக்கு அருகிலுள்ள சாவனதுர்கம் இருக்கிறது. 4,022 அடி உயரமுள்ள இம்மலை, ஒரே கல்லாக எழுந்து நிற்கும் மலைகளுள் ஆசியாவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. இதில் படி கிடையாது. சரிந்த பாறையின்மேல் பாதத்தைப் பதித்தே ஏற வேண்டும். நந்திமலைக் கோட்டையை 1791 அக்டோபரிலும், இக்கோட்டையை அதே ஆண்டு டிசம்பரிலும் காரன்வாலிஸின் படை கைப்பற்றியது. சாவனதுர்கம், கந்தகிரி, மாகளிதுர்கம் ஆகியவை வனத்துறையின் பொறுப்பில் உள்ளவை. இவற்றுக்குச் செல்வோர் இணையத்தின் வழியாக முன்னதாகவே அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். தேசியப் பூங்காவை மூடியிருக்கும் காலத்தில் இவையும் மூடப்பட்டிருக்கக் கூடுமாதலால், புறப்படுமுன் விசாரித்துக்கொள்க.

தமிழ்நாட்டுப் பக்கம் செல்ல விரும்புவோர்க்கு ஓசூருக்கு அப்பால் சுமார் 30 கிலோமீட்டரில் இராயக்கோட்டை உள்ளது. பெங்களூர்–சேலம் ரயில் பாதையிலேயே அவ்வூர் இருப்பது வசதி. பாரமகாலைக் காத்த கோட்டைகளுள் அது ஒன்று. எனினும் கேழ்வரகு விளையும் குளிர்காலத்தில் அவ்வட்டாரத்தில் யானைகள் நடமாடுவதுண்டு. ஊராரைக் கேட்டறிந்த பின்னரே மலையில் கால் வைத்தல் வேண்டும்.

இனி, எச்சரிக்கைகள் சில. நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை நடைக்கு ஏற்ற காலம். மழை நாளில் கருங்கல் பாசி பிடித்து வழுக்கும். இடி முழங்கும்போது மொட்டைப் பாறையில் நிற்பது உயிருக்கே ஆபத்து. 2022 பிப்ரவரியில் நந்திமலையை அடுத்த பிரம்மகிரிப் பாறையில் தனியே ஏறிய இளம் மாணவர் ஒருவர் வழுக்கிச் சுமார் 300 அடி கீழே விழுந்து இடுக்கில் சிக்கிக்கொண்டார். விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்தே அவரை மீட்க வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் அப்படி ஒரு நல்வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்கில்லை. ஆதலால் தனியே செல்லாதீர்கள். செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும், தரையைக் கவ்வும் காலணியும், தலைக்கு ஒரு துண்டும் இன்றியமையாதவை. செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டியிருக்கும்; அங்கே புகை எழுப்புவதும் கல்லெறிவதும் கூடாது. சிறுத்தையும் கரடியும் அந்திப்பொழுதில் வெளிவரும். எனவே பொழுது சாயுமுன் இறங்கிவிடுக. அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 என்ற எண்களை மனத்தில் வைத்துக்கொள்க.

கன்னடத்தில் இரண்டொரு சொற்கள் தெரிந்திருந்தால் வழி தவறாது. ‘பெட்ட’ என்றால் மலை. ‘குட்ட’ என்றால் குன்று. ‘கெரெ’ என்றால் ஏரி. ‘தாரி’ என்றால் வழி. ஆடு மேய்க்கும் முதியவரிடம் நின்று, ‘தாரி எல்லி?’ என்று பணிவாகக் கேட்டால், எந்தப் பாதையில் நேற்று கரடியின் தடம் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லுவார். எந்த வரைபடத்திலும் அது கிடையாது.

நிறைவாக ஒன்று. நந்திமலை வட்டாரத்தில்தான் தென்பெண்ணையும் பாலாறும் பிறக்கின்றன. தென்பெண்ணை பெங்களூரின் கிழக்கே ஓடி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சாத்தனூர் அணையை நிரப்பிக் கடலூரருகே கடலில் கலக்கிறது. பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் கண்டு, காஞ்சிபுரத்தையும் தாண்டிச் செல்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோமே என்று மனம் கலங்கும் நாளில் அம்மலைமேல் சென்று நில்லுங்கள். நம் ஊரின் வயலுக்குச் சென்ற தண்ணீர் அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்த மலையில் ஒரு காகிதத்தைக்கூட, ஒரு புட்டியைக்கூட எறியாமல் இறங்கி வருவது, நாம் வாழும் ஊருக்கும் பிறந்த ஊருக்கும் ஒருங்கே செய்யும் மரியாதையாகும்.