வலி போனது, கால் ஆறியதா?

மாணவர்களே, குறுக்கோட்டத்திலோ காற்பந்துத் திடலிலோ கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். என் மூன்றாம் படிவ மாணவன் ஒருவனுக்கும் இருந்தது. இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அன்றோடு நிறுத்தினான். அடுத்த மாதமே அதே கால், அதே இடத்தில் மீண்டும் சுளுக்கிக்கொண்டது. "வலிதான் இல்லையே, டீச்சர்" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

கணுக்கால் பெரும்பாலும் உட்புறமாகத்தான் மடங்கும். அப்போது வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் அளவுக்கு மீறி இழுபட்டு, அதன் இழைகள் சில அறுந்துபோகும். முதல் சில நாள்கள் வீக்கம் இருக்கும். சிதைந்த திசுக்களை வெள்ளை இரத்த அணுக்கள் துப்புரவு செய்யும் காலம் அது. அந்த நேரத்தில் தைலம் தேய்த்து அழுத்தி நீவ வேண்டாம் என்று பாட்டியிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கொலாஜன் என்னும் புரதத்தால் உடல் ஒட்டுப்போடத் தொடங்கும். இந்தப் புதிய இழைகள் சிக்குப் பிடித்த நூல்போலத் தாறுமாறாகக் கிடக்கும். சிக்கு நூலை இழுத்தால் எளிதில் அறுந்துவிடும் அல்லவா? காலை அசைத்து, எடையைச் சிறிது சிறிதாக ஏற்றும்போது, இழைகள் அந்த இழுவிசையின் திசையிலேயே வரிசைப்பட்டு வலுப்பெறுகின்றன. இதற்குப் பல மாதங்கள் ஆகும். வலியோ சில வாரங்களில் போய்விடும். என் மாணவன் ஏமாந்தது இந்த இடைவெளியில்தான்.

இன்னொன்றும் உண்டு. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த நாரிலும் உள்ளன. சுவர் அருகே ஒற்றைக் காலில் நின்று கண்களை மூடிப் பாருங்கள். கணுக்கால் ஓயாமல் சரிசெய்துகொள்வதை உணர்வீர்கள். சுளுக்கிய காலில் இந்தத் திறன் மந்தமாகிவிடும். பயிற்சி அதையும் மீட்கிறது.

அடிபட்டால் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கின். முழு ஓய்வும் பனிக்கட்டியும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் எனப் பிற்காலத்தில் அவரே எழுதினார். தம் கருத்தைத் தாமே திருத்திக்கொள்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ எலும்பு முறிந்திருக்கக்கூடும். உடனே மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது இலேசாக வலிப்பது இயல்பு. மறுநாள் வீக்கம் கூடினால், சிகிச்சையாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைப்பார். "எப்போது விளையாடலாம்?" என்பதோடு, "எதைச் செய்ய முடிந்தால் விளையாடலாம்?" என்றும் கேளுங்கள். அடிபட்ட காலால் மற்றக் காலைப் போலவே துள்ளவும், ஓடித் திரும்பவும் முடிகிறதா என்று அவர் சோதிப்பார்.

என் மாணவன் இப்போது ஒற்றைக் காலில் நின்றுதான் பல் துலக்குகிறானாம்.