லா.ச.ரா.வை எங்கிருந்து தொடங்குவது?

லா.ச.ரா.வின் 'அபிதா' நாவலை மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் பத்துப் பக்கத்தில் மூடிவைத்தவன் நான். அவருக்கு லால்குடி பூர்வீகம். ஜீயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து ஊர்க்காரரைப் படிக்க முடியலையே என்று வெட்கம். இலக்கியம் நமக்கு வராது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

உண்மையில் தப்பு நான் படித்த விதத்தில். ப்ரோக்ராம் படிக்கிற பழக்கம். ஒரு வரி புரியாவிட்டால் அடுத்த வரிக்குப் போகமாட்டேன்.

பிறகு 'பாற்கடல்' சிறுகதையை எடுத்தேன். தலைதீபாவளிக்கு ஊரில் இல்லாத கணவனுக்குப் புதுப்பெண் எழுதும் கடிதம். கூட்டுக்குடும்பம், மாமியார் என்று எல்லாம் நமக்குத் தெரிந்த வீடுதான். வாய்விட்டுப் படித்தேன். கண்ணுக்குப் பிடிபடாத வரி காதுக்குப் பிடிபட்டது.

அடுத்து, 1989-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'சிந்தாநதி'. அவருடைய நினைவுகள், சின்னச் சின்னக் கட்டுரைகள். பேங்க் வேலை பார்த்துக் குடும்பம் நடத்திய மனுஷர் அதில் தெரிகிறார். மனுஷரைத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அதற்கப்புறம்தான் நாலாவது தடவையாக 'அபிதா'. எல்லாம் புரிந்தது என்று சொல்லமாட்டேன். புரியாத இடத்தில் நிற்காமல் மேலே போனேன். இந்தத் தடவை கடைசிப் பக்கம் வந்துவிட்டது.

நீங்கள் மூடிவைத்த புத்தகம் எது? அதே எழுத்தாளரின் சின்னக் கதை ஒன்றைத் தேடி, சத்தமாகப் படித்துப் பாருங்கள்.