எண்களின் உருவம்

ஐம்பது ஆண்டு மழைக்கணக்கை நாள்வாரியாக எழுதினால் பதினெண்ணாயிரம் எண்களுக்கு மேலாகும். அவ்வெண்களைப் படித்து எவரும் மழையின் இயல்பை உணர்தல் அரிது. அவற்றையே கோடாக வரைந்து காட்டின், ஏற்றமும் இறக்கமும் கண்ட மாத்திரத்தில் விளங்கும். வில்லியம் பிளேபேர் என்பார் 1786இல் வாணிகக் கணக்குகளை இங்ஙனம் வரைந்து வெளியிட்டார். இன்று கணிப்பொறி அவ்வேலையைச் செய்கின்றது.

அதற்கு உதவும் மொழிகளுள் ஒன்று பைத்தான். 1991இல் வெளிவந்த இம்மொழியில் கட்டளைகளை வரிவரியாக எழுதி, உடனுக்குடன் விடை பெறலாம். ஆயினும் புள்ளிவிவரப் படம் வரையும் திறம் அதனோடு உடன்பிறந்ததன்று. துணைக்கருவிகளைப் பின்னர் இணைத்தல் வேண்டும். அட்டவணைகளைக் கையாள்வது பாண்டாஸ். படம் வரைவது மாட்பிளாட்லிப். பின்னதை இயற்றிய ஜான் ஹன்டர், வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளைக் கண்ணாற் காணும்பொருட்டே அதனைத் தொடங்கி, 2003இல் உலகிற்கு இலவசமாக அளித்தார்.

இனி நம் கோயமுத்தூருக்கு வருவாம். மேற்குமலையின் மறைவில் இருத்தலின், இந்நகரில் ஐப்பசி கார்த்திகையிலேயே மழை மிகும். இம்மாவட்டத்தைச் சேர்ந்த வால்பாறையிலோ ஆனி ஆடியிற் கொட்டும். இரண்டையும் கூட்டி மாவட்டச் சராசரி என்று ஓர் எண் கூறின், அஃது ஈரூருக்கும் பொருந்தாது. தனித்தனியே வரைந்தால் இவ்வேற்றுமை சிறுவர்க்கும் புலனாகும். ஏட்டைப் படிக்க ஒரு கட்டளை, மாதவாரியாகக் கூட்ட ஒன்று, வரைய ஒன்று, இவை போதும்.

எனினும், ஈண்டு ஓர் அபாயம் உண்டு. மழைமானியில் அளவெடுக்கத் தவறிய நாளும் மழையே பெய்யாத நாளும் ஒன்றல்ல. பாண்டாஸின் கூட்டற் கட்டளையோ, பதிவே இல்லாத மாதத்திற்கும் பூஜ்யம் என்றே விடை தரும். பாதி நாட்கள் விடுபட்ட மாதத்தையும் வறண்ட மாதமாகக் காட்டும். இத்தனை நாட்களின் பதிவேனும் இருந்தாலொழியக் கூட்டலாகாது என்று நாமே விதித்தல் வேண்டும். அவ்விதிக்கு 'மின் கவுன்ட்' என்று பெயர். அதன் பின்னரும் பட்டைப்படத்தில் பூஜ்யமும் விடுபட்டதும் ஒரே வெற்றிடமாகத் தோன்றும். புள்ளியிட்ட கோடாக வரைந்தாலோ, பூஜ்யத்திற்கு அடியிற் புள்ளி விழும். பதிவில்லாத இடத்திற் கோடு அறுபட்டு நிற்கும்.

இதனைச் சிறு விஷயமென்று எண்ணற்க. கொங்கு நாட்டில் மானாவாரிச் சோளம் விதைப்போரும், கிணற்றை நம்பி வாழ்வோரும் பலர். பொய்யான வறட்சியைக் காட்டும் ஒரு படம் அவர்க்குத் தவறான யோசனையைக் கூறும். நிவாரணத்தையும் வேறிடத்திற்குத் திருப்பும். படம் அழகாயிருப்பின் அதனை ஐயுறுவாரும் குறைவர்.

ஆதலின் மாணாக்கர் இக்கருவிகளை ஊக்கத்துடன் பயில்க. வரையத் தொடங்குமுன், எத்தனை நாட்களின் பதிவு உளது என்பதை முதலில் எண்ணுக. அவ்வெண்ணைப் படத்தின் அடியிலேயே எழுதுக.