அண்ணன்... பத்து அங்குலத்தில்!

ரிடையர்மென்ட் என்றாலே நம்ம ஆபீஸ்களில் ஒரு ஃபார்முலா உண்டு. ஒரு சால்வை, ஒரு சந்தன மாலை, அப்புறம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி ஒரு சுவர்க் கடிகாரம். முப்பது வருஷமாக, 'எப்படா அஞ்சரை ஆகும்' என்று மணி பார்த்த மனுஷனுக்கு, வீட்டிலும் உட்கார்ந்து மணி பார்க்கச் சொல்லி ஒரு கடிகாரம்!

எங்கள் செக்‌ஷன் உதவியாளர் அண்ணன் ஓய்வு பெறப் போகிறார் என்றதும், நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ''கடிகாரம் வேண்டாம் ஸார்... அவரையே ஒரு பொம்மையா செஞ்சு கொடுப்போம்!''

''பிரமாதம்! யார் செய்யறது?'' என்றார் சூப்பிரண்டு.

மொத்த செக்‌ஷனும் என்னைப் பார்த்தது. ஹி... ஹி...

செட்டியாரும் சங்கரும்

கேரக்டர் பொம்மை என்றால் ஏதோ ஃபாரின் சமாசாரம் என்று பயப்படாதீர்கள். நவராத்திரி கொலுவில் கடை பரப்பி உட்கார்ந்திருக்கிறாரே, தொந்தியும் தொப்பையுமாகச் செட்டியார்... அவர் கேரக்டர் பொம்மைதான். கண், மூக்கை மட்டும் அல்ல, ஆளின் சுபாவத்தையும் பிடித்தால் அது கேரக்டர். மேற்கு வங்காளத்தில் கிருஷ்ணநகர் பக்கத்தில் கூர்ணி என்று ஓர் இடம். அங்கே களிமண்ணில் விவசாயி, மீன்காரர், பூசாரி என்று அச்சு அசலாகச் செய்வார்கள். நிஜத் துணியில் குட்டிக் குட்டியாக உடை உடுத்துவதும் உண்டு.

டெல்லியில் ஒரு பொம்மை மியூசியமே இருக்கிறது. 1965-ல் அதை உண்டாக்கியவர் யார் தெரியுமா? நம்ம கார்ட்டூனிஸ்ட் சங்கர். குழந்தைகளுக்கு அவர் நடத்திய போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி தூதர் ஒரு பொம்மையைக் கொடுக்க, அதைப் பார்த்ததிலிருந்து மனுஷருக்குப் பொம்மைப் பைத்தியம். போகிற நாட்டில் எல்லாம் வாங்கிக் குவித்தார். இந்திய உடைகள் அணிந்த பொம்மைகளைச் செய்ய அங்கேயே ஒரு பட்டறையும் வைத்தார்.

கார்ட்டூன் போடுகிறவர் கைக்குப் பொம்மை பிடித்ததில் ஆச்சரியமில்லை. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்... எதைப் பெரிசாக்குவது, எதை விட்டுவிடுவது!

கண் எங்கே இருக்கிறது?

தலை, கை, பாதம் மூன்றும் களிமண். மற்றதெல்லாம் துணி. இதுதான் கணக்கு.

ஆற்றுக் களிமண்ணைச் சுடச் சூளை வேண்டும். ஹவுஸ் ஓனர் விடமாட்டார். அதனால் காற்றிலேயே காய்கிற 'ஏர் டிரை கிளே' வாங்கினேன். ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு பழைய பென்சில் முனையில் அலுமினியம் ஃபாயிலை எலுமிச்சம்பழ அளவு கசக்கி உருட்டி, அதன்மேல் களிமண்ணைச் சீராக அப்ப வேண்டும். முழுத் தலையையும் களிமண்ணாலேயே செய்தால் வெளியே காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். கனமும் ஜாஸ்தி.

அடுத்தது கண். எல்லாரும் தப்புப் பண்ணுகிற இடம் இதுதான். கண் நெற்றிக்குப் பக்கத்தில் இருப்பதாக நமக்கு நினைப்பு. கண்ணாடியில் அளந்து பாருங்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் நட்ட நடுவில் இருக்கும்! புருவத்துக்கும் மூக்கு நுனிக்கும் இடைப்பட்ட உயரத்தில் காது. நிஜ மனுஷன் ஏழு, ஏழரை தலை உயரம். கேரக்டர் பொம்மைக்கு ஐந்து தலை போதும். தலை 2 அங்குலம் என்றால் ஆள் 10 அங்குலம். தலை பெரிசாக இருந்தால்தான் முகபாவம் தெரியும்.

கழுத்துக்கு அடியில் சுற்றிலும் ஒரு பள்ளம் போட மறக்காதீர்கள். துணி உடம்பை அங்கேதான் நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். மணிக்கட்டு, கணுக்காலுக்கும் அதே வைத்தியம்.

சீக்கிரம் காயட்டும் என்று முதல் தலையை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நெற்றியிலிருந்து தாடை வரை விரிசல். நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டுமாம். சின்ன விரிசல் என்றால் அதே களிமண்ணைத் தண்ணீரில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம்.

பல்லைப் பிடித்தேன்!

இரண்டாவது தலை அமர்க்களம். அண்ணனுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கல். நான் அதை நன்றாகவே தூக்கினேன். ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு அண்ணன் உள்ளே வந்தார். சட்டென்று தலையை டிராயரில் தள்ளினேன். ''என்ன தம்பி, சொன்னா நானும் சிரிப்பேன்ல?'' என்று கேட்டு, விஷயம் தெரியாமலே அவரும் சிரித்தார். அந்தப் பல் தெரிய.

டீ இறங்கவில்லை ஸார்.

சங்கர்கூட நேருவைப் போடாத கார்ட்டூன் இல்லை. ஆனால், தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சொன்னவர் நேரு. அவர் பிரதம மந்திரி. அண்ணனிடம் யார் கேட்டது?

ராத்திரி வீட்டில் அந்தத் தலையைத் தூக்கிப் போட்டேன். ஒரு வாரம் களிமண்ணைத் தொடாமல், அண்ணனையே கவனித்தேன். ஆறு வருஷமாகப் பார்த்த ஆள்தான். ஃபைல் கட்டுகளைத் தூக்கித் தூக்கி அவர் வலது தோள் ஓர் அங்குலம் இறங்கியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. காதில் ஒரு பேனா. எங்கே நின்றாலும் இடது காலில் பாரம். யாராவது பேசினால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார்.

மூன்றாவது தலையில் பல்லே தெரியாது. வாய் மூடிய புன்னகை. ஆனாலும் பார்த்தவுடன் அவர்தான்!

காக்கிச் சட்டை

கண்ணுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஒரு சூட்சுமம். கருவிழியை முழு வட்டமாகப் போட்டால் பேய் அறைந்த மாதிரி முழிக்கும். மேலிமை கருவிழியைக் கொஞ்சம் மறைக்க வேண்டும். கடைசியில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. உயிர் வந்துவிடும்.

உடம்புக்குள் கம்பி. அதைச் சுற்றித் துணிப் பை, உள்ளே பஞ்சு. கம்பி இருந்தால்தான் தோளை இறக்கி, தலையைச் சாய்த்து நிறுத்தலாம். கால் கம்பியைப் பாதம் வழியாக வெளியே இழுத்து, ஒரு மரக்கட்டையில் துளை போட்டுச் செருகினேன். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை விழாமல் ஆடுவதற்குக் காரணம் அடிப்பாகத்தின் கனம். அதே தத்துவம்தான், கட்டை கனமாக இருக்கட்டும்.

துணியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுவார்கள். புதுத் துணி சின்ன உடம்பில் அட்டை மாதிரி விறைக்கும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்திதான் மடிப்பு விழும். எனக்கு அது எங்கே கிடைத்தது என்கிறீர்கள்? டேபிள் துடைக்க வைத்திருந்த அண்ணனுடைய பழைய காக்கிச் சட்டை! யாருக்கும் தெரியாமல் லவட்டிக்கொண்டு வந்து, துவைத்து, குட்டிச் சட்டை தைத்தேன். கையில் ஒரு தட்டு. தட்டில் மிளகு சைஸில் ஆறு டீ டம்ளர்.

விழா நாளில் பொம்மையை வாங்கிய அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது.

''வலது தோளு இறங்கியிருக்குன்னு வீட்ல சொல்லிட்டே இருப்பா. நான் இல்லவே இல்லைம்பேன். இனிமே ஒத்துக்க வேண்டியதுதான்'' என்றார். சட்டையைத் தடவிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. சிரித்தார். அதே பல் தெரிய.

அப்புறம் தட்டை உற்றுப் பார்த்து, ''தம்பி, ஒரு தப்பு இருக்கே... டம்ளர் ஆறுதான் இருக்கு. செக்‌ஷன்ல ஏழு பேராச்சே?''

எண்ணிப் பார்த்தேன். சூப்பிரண்டிலிருந்து டைப்பிஸ்ட் அக்கா வரை எல்லாருக்கும் இருந்தது. என்னுடையதைத்தான் விட்டுவிட்டேன். நான் மறந்த கணக்கு அவருக்கு மறக்கவில்லை.

மிச்சக் களிமண்ணை ஈரத்துணி சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஏழாவது டம்ளரைச் செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்த் தட்டில் ஒட்டினேன்.

டீ அவர்தான் போட்டார். டம்ளரை மட்டும் நான் கழுவி வைத்தேன்.